புதுக் காரின் பளபளப்பு எங்கே இருக்கிறது?

மாணவர்களே, இன்றிரவு ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். நாள்பட்டுப் புழங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அறையில் ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியட்டும். தட்டில் அந்த விளக்கின் பிம்பம் தெரியுமாறு பிடித்துக்கொண்டு உற்று நோக்குங்கள். பிம்பத்தைச் சுற்றி, சிலந்திவலை பின்னியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வட்டக் கீறல்கள் தெரியும். இப்போது தலையைச் சற்று இடப்புறம் நகர்த்துங்கள். பிம்பம் நகரும், அதனுடன் அந்த வட்டங்களும் நகரும்!

தட்டில் விழுந்த கீறல் எப்படி நகர முடியும்? உண்மையில் தட்டு முழுவதும் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. ஒவ்வொரு கீறலும் ஒரு மெல்லிய கால்வாய். அதன் சுவர்கள், தம் மீது விழும் ஒளியைக் கீறலின் நீளத்துக்குக் குறுக்கான திசையிலேயே விசிறுகின்றன. ஆகவே விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வரையப்படும் வட்டத்துக்குத் தொடுகோடாக எந்தக் கீறல் அமைந்திருக்கிறதோ, அது மட்டுமே ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. மற்றவை இருந்தும் தெரிவதில்லை. தலையை நகர்த்தினால் வேறு கீறல்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டுகிறது.

இதே வலையை வாங்கி ஓராண்டே ஆன ஒரு கறுப்புக் காரின் மீதும் நண்பகல் வெயிலில் காணலாம். காரின் உரிமையாளர் தினந்தோறும் காலையில் மஞ்சள் துணியால் அதை அன்புடன் துடைத்து வந்திருப்பார். அந்த அன்புதான் கீறல்களைத் தந்தது! புதுக் காரின் வண்ணப்பூச்சு, சக்கரம், தோல் இருக்கை ஆகிய மூன்றையும் காப்பது எப்படி, ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம். கார் நம் வீட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சைக்கிள், இரும்பு ஜன்னல், அலுமினியப் பாத்திரம், தோல் செருப்பு ஆகியவற்றுக்கும் இதே பாடம்தான்.

இரண்டு மயிரிழைத் தடிமன்

காரின் உடற்பகுதி பெரும்பாலும் எஃகுத் தகட்டால் ஆனது. தகட்டின் தடிமன் ஏறத்தாழ 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். இதன் மேல் உள்ள பூச்சு அனைத்தும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் வரைதான். (ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான்.) நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆக, இரண்டு மயிரிழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவோ அவ்வளவே காரின் கவசம்.

இந்த மெல்லிய கவசத்துக்குள் பல அடுக்குகள் உள்ளன. எஃகின் மேல் துத்தநாக முலாம். அதன் மேல் பூச்சுப் பற்றிக்கொள்வதற்கான பாஸ்பேட் படிவு. அடுத்தது மின்முறையில் ஏற்றப்படும் அடிப்பூச்சு. இது சுமார் 20 மைக்ரான். அதன் மேல் சமப்படுத்தும் பூச்சு. பிறகு நிறப்பூச்சு, இது 15 முதல் 20 மைக்ரான்தான். எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற, கண்ணாடிபோல் தெளிவான மேற்பூச்சு. இது 40 முதல் 50 மைக்ரான்.

மின்முறை அடிப்பூச்சைப் பற்றி ஒரு சொல். கார் உடலை அப்படியே ஒரு பெரிய தொட்டியில் மூழ்கவைத்து, அதையே எதிர்மின்வாயாக இணைத்து மின்சாரம் செலுத்துகிறார்கள். நீரில் மிதக்கும், நேர்மின்னூட்டம் பெற்ற வண்ணத்துகள்கள் எஃகின் மீது படிகின்றன. படிந்த இடம் மின்கடத்தாப் பொருளாகிவிடுகிறது. எனவே மின்னோட்டம் இன்னும் பூச்சு ஏறாத இடங்களைத் தேடிச் செல்கிறது. கதவின் உட்புறம், மூலை, மடிப்பு என்று தூரிகை எட்டாத இடங்களுக்கும் பூச்சு தானே போய்ச் சேர்ந்துவிடுகிறது! 1970களில் பரவிய இம்முறை, காரின் ஆயுளைப் பெரிதும் கூட்டியது.

வண்ணப்பூச்சின் வரலாறும் சுவையானது. 1914 முதல் 1925 வரை ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. அக்காலத்தில் எண்ணெய் வார்னிஷ் முறையில் நிறம் பூசிய கார் முற்றிலும் உலர வாரக் கணக்கில் ஆயிற்று. 1923இல் டூபான்ட் நிறுவனத்தின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு வந்தபின் வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. பல நிறக் கார்களும் தெருவுக்கு வந்தன. நிறத்தின் மேல் தெளிவான மேற்பூச்சு இடும் முறை 1980களில் பரவலாயிற்று.

எனவே தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே: பளபளப்பு நிறத்தில் இல்லை, அதன் மேலுள்ள 40 மைக்ரான் தெளிவுப் பூச்சின் சமதளத்தில் இருக்கிறது. அது சமமாக இருக்கும்வரை ஒளி ஒரே திசையில் எதிரொளிக்கும். கீறல் விழுந்தால் ஒளி சிதறும். நிறம் மங்கித் தெரியும்.

துருவுக்கு வேண்டியவை

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். உப்பு இருந்தால் வினை விரைவுபெறும். இரும்பின் ஒரு பகுதி நேர்மின்வாயாகவும், மற்றொரு பகுதி எதிர்மின்வாயாகவும் ஆகி, நடுவில் உள்ள ஈரம் மின்பகுளியாக அமைய, ஒரு சிறிய மின்கலமே உருவாகிறது. உப்பு அந்த ஈரத்தின் கடத்துதிறனைக் கூட்டுகிறது. தோன்றும் துருவின் பருமன், அழிந்த இரும்பின் பருமனைவிட இரு மடங்குக்கும் மேல். அது அடியிலிருந்து பூச்சைத் தூக்கி உரிக்கிறது. இதனால்தான் கடுகளவு காயம் ஒரு பருவமழைக்குப் பின் கொப்புளமாகிறது.

உப்புக்கு இன்னொரு தீய குணமும் உண்டு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசிந்து நீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊரில் நிற்கும் காரின் மீது படிந்த உப்புத் துகள், மழையே பெய்யாவிட்டாலும் தன்னைச் சுற்றி ஈரத்தைச் சேர்த்துக்கொள்கிறது.

இந்தத் துறையில் நம் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோக அரிப்பு இவ்வாய்வகத்தின் முக்கியத் துறைகளுள் ஒன்று. இராமேசுவரம் செல்லும் வழியில் உள்ள மண்டபத்தில், கடற்காற்று வீசும் இடத்தில் உலோகத் தகடுகளையும் பூச்சுகளையும் நிறுத்தி, அவை எவ்வளவு விரைவில் அரிக்கப்படுகின்றன என்று அளந்து வந்துள்ளனர்.

துத்தநாக முலாம் எதற்கு? துத்தநாகத்தின் திட்ட மின்முனை மின்னழுத்தம் –0.76 வோல்ட், இரும்புக்கு –0.44 வோல்ட். இரண்டும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் துத்தநாகமே முதலில் கரையும். கீறல் விழுந்து எஃகு வெளியே தெரிந்தாலும், அருகிலுள்ள துத்தநாகம் தன்னைத் தந்து இரும்பைக் காக்கிறது. ஆனால் இந்தத் தியாகத்துக்கும் அளவு உண்டு. முலாம் தீர்ந்ததும் இரும்பின் முறை வந்துவிடும். எனவே எஃகு வரை சென்ற காயத்துக்கு அன்றே பூச்சு வைப்பது நல்லது.

பலர் மறந்துவிடும் இடம் காரின் அடிப்புறம். கதவுகளின் அடியில் நீர் வடிய சிறு துளைகள் இருக்கும். இலைச் சருகும் மண்ணும் அவற்றை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தேங்கித் துரு உள்ளிருந்து வெளியே வரும். கடற்கரைக்குச் சென்று வந்தால் மேற்புறத்தைவிட அடிப்புறத்தை நல்ல நீரால் கழுவுவதே முக்கியம்.

வெயில் என்ன செய்கிறது?

ஒளி போட்டான்களாக வருகிறது என்பதை அறிவீர்கள். ஒரு போட்டானின் ஆற்றலை எலெக்ட்ரான் வோல்ட்டில் காண, 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு இது 1.9. 300 நானோமீட்டர் புற ஊதாக் கதிருக்கு 4.1. பூச்சிலுள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் கார்பனையும் கார்பனையும் இணைக்கும் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 3.6 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். சிவப்பு ஒளி எவ்வளவு கொட்டினாலும் ஒரு போட்டானால் அதை முறிக்க இயலாது. புற ஊதாப் போட்டானை மூலக்கூறு உட்கவர்ந்துகொண்டால் ஒன்றே போதும்.

இதைத் தடுக்கவே தெளிவுப் பூச்சில் புற ஊதாக் கதிரை விழுங்கும் பொருள்களைக் கலக்கிறார்கள். அவை கதிரை உட்கவர்ந்து தீங்கற்ற வெப்பமாக மாற்றிவிடுகின்றன. இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு 10 மைக்ரான் பூச்சும் தன்மீது விழும் புற ஊதாக் கதிரில் பாதியைத் தடுக்கிறது என்று கொள்வோம். 40 மைக்ரானைத் தாண்டி நிறப்பூச்சை அடைவது பதினாறில் ஒரு பங்கு. கீறல் மறைய வேண்டுமென்று மீண்டும் மீண்டும் தேய்ப்பு மெருகு போட்டு 10 மைக்ரானைத் தேய்த்துவிட்டால், அடைவது எட்டில் ஒரு பங்கு. பூச்சில் கால்வாசிதான் போயிற்று, கேடோ இரட்டிப்பாயிற்று! மெருகு போடுவது என்றால் கீறலை நிரப்புவது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து எடுப்பதே மெருகு. எடுத்தது திரும்ப வளராது. எனவே கீறல் விழாமல் காப்பதே முதல் வழி. மெருகு கடைசி வழி.

நீர்த்துளி லென்சா?

"வெயிலில் நிற்கும் காரின் மேல் நீர்த்துளி இருந்தால் அது குவிலென்சாகிப் பூச்சைச் சுட்டுவிடும்" என்று சொல்வதுண்டு. சரியா என்று பார்ப்போம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. முழுக் கோளமான நீர்த்துளியின் குவியம், அதன் மையத்திலிருந்து ஆரத்தைப்போல் இரு மடங்கு தொலைவில் விழும். அதாவது துளியின் அடிப்பரப்பைத் தாண்டி இன்னும் ஓர் ஆரத் தொலைவு கீழே. பூச்சோ துளியின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தட்டையான துளிக்குக் குவியம் இன்னும் கீழே போகும். மேலும் நீர் ஆவியாகும்போது பூச்சைக் குளிர்விக்கவும் செய்கிறது. இலைகளின் மேலுள்ள நீர்த்துளிகளைப் பற்றி ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்விலும், மயிரற்ற வழவழப்பான இலையில் படிந்த துளிகள் அதைச் சுடுவதில்லை என்றே தெரியவந்தது.

அப்படியானால் வெள்ளை வட்டங்கள் எப்படி வருகின்றன? அது உப்பின் வேலை. ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ளதாகக் கொள்வோம். கழுவியபின் காரின் மேல் அரை லிட்டர் நீர் தங்கி வெயிலில் உலர்ந்தால், கால் கிராம் உப்பு காரிலேயே தங்கிவிடும். துளியின் விளிம்பில் ஆவியாதல் மிகுதி. ஆதலால் உப்பு வட்டமாகப் படிகிறது. வெயிலில் கழுவாதே என்ற அறிவுரை சரியே. அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு.

பறவை எச்சமும் இதுபோன்றதே. அதிலுள்ள வெள்ளைப் பசை யூரிக் அமிலம். வெயிலில் பூச்சு சற்று இளகி விரிகிறது. எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் குளிரும்போது பூச்சு அந்தக் கரடுமுரடான அச்சின் மேல் சுருங்கிப் படிந்து, பளபளப்பை இழக்கிறது. அமிலமும் தன் பங்கைச் செய்கிறது. எச்சத்தைக் கண்டவுடன் ஈரத்துணியை அதன் மேல் சில நிமிடம் வைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும். காய்ந்ததைச் சுரண்டக் கூடாது.

கழுவும் முறை

தெருப் புழுதியில் குவார்ட்ஸ் என்னும் மணல் துகள்கள் மிகுதி. மோஸ் அளவையில் இதன் கடினத்தன்மை 7. ஜன்னல் கண்ணாடியே சுமார் 5.5தான், பூச்சு அதைவிட மிக மென்மையானது. உலர்ந்த துணியால் புழுதியைத் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பு. துணி மென்மையாக இருப்பதால் பயன் இல்லை. துணிக்கும் பூச்சுக்கும் இடையே மணல் உருள்கிறதே! ஆகவே:

1. நிழலில், பானெட் கைக்கு வெதுவெதுப்பாகக்கூட இல்லாதபோது கழுவுங்கள்.

2. முதலில் கை வைக்காமல் நீரை மட்டும் ஊற்றுங்கள். தளர்வான மணல் பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

3. இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் கார் கழுவும் சோப்புக் கரைசல். மற்றதில் வெறும் நீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிய பின்பே சோப்பில் தோய்க்க வேண்டும். மணல் இரண்டாவது வாளியின் அடியில் தங்கும்.

4. மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். மணல் மிகுந்த அடிப்பகுதி கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி.

5. துணி கீழே விழுந்தால், நன்றாக அலசாமல் மீண்டும் காரில் வைக்காதீர்கள்.

6. உலரவிடாமல் உடனே ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை.

சோப்பு என்ன செய்கிறது? அதன் மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறு முனை எண்ணெயை நாடும். அவை அழுக்கைச் சூழ்ந்து தூக்கி நீரில் மிதக்கவைக்கின்றன. துணி துவைக்கும் தூளில் சலவைச் சோடா கலந்திருப்பதால் அது காரத்தன்மை மிக்கது. மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே அகற்றிவிடும். காருக்கு நடுநிலையான சோப்பே ஏற்றது.

புழுதி படிந்த காரின் மேல் உறை போடுவதும் தவறு. காற்றில் உறை அசைய, அடியில் மணல் அரைக்கும். ஈரக் காரை உறையிட்டு மூடினால் ஈரம் அங்கேயே தங்கிவிடும்.

மெழுகும் புதிய பூச்சுகளும்

மெழுகு தடவிய பரப்பில் நீர் முத்து முத்தாக நிற்கிறது. துளிக்கும் பரப்புக்கும் உள்ள சேர்கோணம் 90 டிகிரியைவிட மிகுந்தால் பரப்பு நனைவதில்லை. மெழுகின் மேல் இது 100 டிகிரிக்குச் சற்று மேல். தாமரை இலையில் 150 டிகிரிக்கும் மேல். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு பலகாலமாகக் கார்களுக்குப் பயன்பட்டு வருகிறது. அது சுமார் 82 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். எனினும் நம் வெயிலிலும் கழுவலிலும் சில வாரங்களில் தேய்ந்துவிடும். மீண்டும் தடவ வேண்டும்.

இன்று 'செராமிக்' என்று விற்கும் பூச்சுகளில் சிலிகான்–ஆக்சிஜன் பிணைப்புகள் உள்ளன. இவை மெழுகைவிட நெடுநாள் நிற்கும். அழுக்கு எளிதில் ஒட்டாது. ஆனால் விளம்பரத்தில் வரும் '9 எச்' என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அது பென்சில் கடினச் சோதனையின் அளவு. 9 எச் பென்சிலால் கீறியும் தடம் விழவில்லை என்பதே பொருள். பென்சில் முனை களிமண்ணும் கிராஃபைட்டும் சேர்ந்தது. மணல் அதைவிட மிகக் கடினம். எனவே இப்பூச்சு போட்ட காரையும் உலர்துணியால் துடைத்தால் கீறல் விழும். கற்கள் தெறிப்பதைத் தடுக்க வல்லது, 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலம். அதன் விலையும் அதற்கேற்ப மிகுதி. எதையும் வாங்கும் முன், எந்தக் கேட்டைத் தடுக்க இது என்று கேட்டுப் பாருங்கள்.

சக்கரங்கள்

அலாய் சக்கரம் பெரும்பாலும் அலுமினியக் கலவை. சுமார் 7 விழுக்காடு சிலிகானும் சிறிதளவு மெக்னீசியமும் சேர்ந்த கலவை இதற்கு மிகவும் பயன்படுகிறது. அலுமினியம் காற்றில் பட்டவுடன் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் தோன்றி அதைக் காக்கிறது. துருவைப்போல் அது உதிர்வதில்லை. ஆனால் அலுமினிய ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். புளியும் சலவைச் சோடாவும் அலுமினியப் பாத்திரத்தை மங்கச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கல் பட்டு மேற்பூச்சு பெயர்ந்த சக்கரத்தில் கடும் அமிலமோ காரமோ பட்டால் அங்கே அரிப்புத் தொடங்கும்.

சக்கரத்தின் பெரும் பகை பிரேக் தூள். 1000 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,39,000 ஜூல். நிறுத்தும்போது இவ்வளவும் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாகிறது. ஒரு லிட்டர் நீரை 33 டிகிரி சூடாக்க இது போதும். இந்த உரசலில் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் பிரேக் பேடும் நுண்துகள்களாகத் தேய்ந்து, சூடாகச் சக்கரத்தில் ஒட்டுகின்றன. அவற்றிலுள்ள இரும்பு துருப்பிடித்துச் செம்புள்ளிகளாகிறது. வாரந்தோறும் சோப்பு நீரால் கழுவினால் இவை ஊன்ற இடமில்லை. சக்கரம் ஆறிய பின்பே கழுவ வேண்டும். கொதிக்கும் டிஸ்க்கின் மேல் குளிர்நீரைக் கொட்டினால் அது சீரற்றுச் சுருங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சக்கரத்தை நொடியில் வெளுக்கச் செய்யும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, அதைத் தோற்றுவிக்கும் அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். இவ்வமிலம் தோலில் பட்டால் முதலில் எரிச்சல்கூடத் தெரியாமல் போகலாம். ஆனால் தோலைத் துளைத்து உள்ளே சென்று, உடலின் கால்சியத்துடன் சேர்ந்து திசுக்களையும் எலும்பையும் தாக்கும்; மிகுதியாகப் பட்டால் இதயத் துடிப்பே நிலைகுலையும். கார் கழுவும் நிலையங்களில் கையுறை இன்றி வேலை செய்வோர் பலர். புட்டியின் மேலுள்ள பெயரைப் படித்துச் சொல்ல, படிக்கத் தெரிந்த ஒரு மாணவன் போதும். பட்டுவிட்டால் உடனே நிறைய நீரால் தொடர்ந்து கழுவி, புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பளபளக்கும் சக்கரத்துக்காக ஒருவர் கையை இழக்க வேண்டியதில்லை.

தோல் இருக்கைகள்

தோல் என்பது கொலாஜன் என்னும் புரதத்தின் இழைப் பின்னல். மூன்று சங்கிலிகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டது கொலாஜன் மூலக்கூறு என்பதை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எடுத்துரைத்தனர். பச்சைத் தோல், ஈரத்தில் 60 முதல் 65 டிகிரி செல்சியஸிலேயே சுருண்டுவிடும். குரோமிய உப்பால் பதனிட்டால் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் ஏற்பட்டு, 100 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஊர்கள் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948இல் தொடங்கியது.

கார் இருக்கைத் தோல் பெரும்பாலும் நிறமிப் பூச்சும், அதன் மேல் பாலியூரித்தேன் பூச்சும் பெற்றது. ஓரமாக ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு உள்ளது. ஊறிக் கறுத்தால் இல்லை. பூச்சுள்ள தோலுக்கு எண்ணெய் ஊட்டுவது வீண். எண்ணெய் மேலேயே நின்று புழுதியைப் பிடித்து அரைக்கும். தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெயும், கை வைக்கும் இடத்தில் வியர்வையும் படிந்து மேற்பூச்சை நாளடைவில் இளகச் செய்கின்றன. ஈரம் பிழிந்த மென்துணியால் வாரம் ஒருமுறை துடைத்து உலர்த்தினால் போதும். கறைக்குத் தோலுக்கான மென்சோப்பு. தோல் இயல்பில் சிறிது அமிலத்தன்மை உடையது. ஆகவே காரச் சோப்பு கூடாது. மைக்கறையைச் சாராயத்தால் அழுத்தித் துடைத்தால் மையுடன் மேற்பூச்சும் போய்விடும். மழைக்காலத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பூக்கும். வெயிலற்ற நாளில் கதவைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள்.

பூட்டிய காருக்குள்

கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உள்ளே விடும். இருக்கை அதை உட்கவர்ந்து சூடாகி வெளியிடும் அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடி வெளியே விடாது. சூடான காற்றும் வெளியேற வழி இல்லை. முகப்புக் கண்ணாடிக்குள் வெள்ளிநிறத் தட்டி வைத்தால், ஒளி வெப்பமாக மாறும் முன்பே ஒளியாகவே திரும்பிவிடும். தோலும் பிளாஸ்டிக்கும் வெளிறாமல் இருக்க இதுவே மலிவான வழி.

இந்த வெப்பம் தோலுக்கு மட்டும் பகை என்று எண்ணிவிடாதீர்கள். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. ஜன்னலைச் சிறிது இறக்கிவைத்தும் பெரிய பயன் இல்லை. வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே 57 டிகிரி! குழந்தையின் உடல் பெரியவர்களைவிட விரைவாகச் சூடேறும். கடைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று தம்பியையோ தங்கையையோ காருக்குள் விட்டுச் செல்ல யாரேனும் முனைந்தால், இந்தக் கணக்கைச் சொல்லித் தடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஐந்து புதிய ஆணிகளை ஐந்து கண்ணாடிக் குப்பிகளில் இடுங்கள். முதலாவதில் கொதித்து ஆறிய நீரை ஆணி மூழ்க ஊற்றி மேலே எண்ணெய் விடுங்கள். இரண்டாவதில் சாதாரண நீர் பாதி ஆணி வரை. மூன்றாவதில் அதே அளவு உப்புநீர். நான்காவதில் உப்புநீர், ஆனால் பெயின்ட் பூசி உலர்த்தி ஊசியால் ஒரு கீறல் போட்ட ஆணி. ஐந்தாவதில் உப்புநீர், துத்தநாக முலாம் பூசிய ஆணி. ஒரு வாரம் தினமும் பார்த்துக் குறிப்பெடுங்கள். நான்காம் குப்பியில் துரு எங்கே தொடங்குகிறது, பெயின்டுக்கு அடியில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதைக் கூர்ந்து கவனியுங்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஒரே அளவு கீறல் விழுந்திருந்தும் வெள்ளைக் காரைவிடக் கறுப்புக் காரில் அது மிகுதியாகத் தெரிவது ஏன்?

2. முதல் குப்பியில் நீரைக் கொதிக்கவைத்தது எதற்கு? எண்ணெய் எதற்கு?

3. வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் கடன் வாங்கிப் புதுக் கார் எடுத்துள்ளார். அவரிடம் உள்ளவை இரண்டு வாளி, ஒரு மென்துணி, நல்ல நீர். இவற்றை மட்டும் கொண்டு காரைக் காக்க அவர் பின்பற்ற வேண்டிய மூன்று பழக்கங்களை, காரணத்துடன் எழுதுங்கள்.

4. உங்கள் சைக்கிளில் துரு முதலில் பிடித்த இடம் எது? அங்கே நீர் தங்குவதற்கு என்ன காரணம்?